மனச்சோர்வும் மின்சாரமும்: பயம் வேறு, உண்மை வேறு

(சித்தூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

போன மாதம் நமது காரியதரிசி என்னிடம் வந்து, "மாமா, அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டும், விஷயம் உங்கள் இஷ்டம்" என்றார். வழக்கம்போல் நான் திருமலைக் கோவில் கல்வெட்டைப் பற்றியோ, மூத்த குடிமக்களுக்கான வருமான வரிச் சலுகையைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு மூளையை மின்சாரத்தாலும் காந்தத்தாலும் தூண்டித் தரும் சிகிச்சையைப் பற்றிப் பேசப் போகிறேன். பேச்சு வழக்கில் சொன்னால் "ஷாக் ட்ரீட்மெண்ட்", "கரண்ட் வைக்கிறது".

நான் டாக்டர் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, ஆந்திர அரசின் எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். காய்கறிக் கடைத் தராசிலிருந்து பெட்ரோல் பங்க் வரை சோதித்து முத்திரை போடுவது என் வேலை. ஆகவே நான் சொல்வதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயத்தினால் தப்பாக எடை போட்ட ஒருவனின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் கதை

என் தங்கை திருப்பதியில் இருக்கிறாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைப் பற்றிப் பேச அவளிடமே அனுமதி கேட்டேன். "என் பேரைச் சொல்லாதே, மத்ததெல்லாம் சொல்லு. ஒருத்தருக்காவது பிரயோஜனப்பட்டா சரி" என்றாள்.

2016 கடைசியில் அவள் கணவர் காலமானார். வருஷாப்திகம் முடிகிற வரை காரியங்களை எல்லாம் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் வராது. வாசலில் கோலம் நின்றது. பேப்பர் பிரிக்காமலே கிடந்தது. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்துப் போனாள். "அவர் கூப்பிட்டது என் காதில் விழாம போச்சே, நான் மகா பாவி" என்று திரும்பத் திரும்பச் சொல்வாள். உண்மையில் அவர் கூப்பிடவே இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கம் என்பது வேறு, மனச்சோர்வு என்னும் வியாதி வேறு. இதை நாங்கள் புரிந்துகொள்ளவே வெகுநாள் ஆயிற்று. துக்கத்தில் இருப்பவர் பேரக் குழந்தை வந்தால் கொஞ்ச நேரமாவது சிரிப்பார். இவளுக்கு அதுவும் இல்லை. 2018-ல் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினோம். முதலில் தைராய்டு, வைட்டமின் பி-12 இரண்டையும் பரிசோதித்தார். சைவ உணவுக்காரர்களான நமக்கு பி-12 குறைவு சகஜம், அதுவும் சோர்வை உண்டாக்கும். அது சரியாகவே இருந்தது. பிறகு ஒரு மருந்து, அது பலிக்காமல் இன்னொரு மருந்து. ஏழு மாதம் ஆகியும் முன்னேற்றம் இல்லை.

அப்போது டாக்டர், "ஈ.சி.டி. கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். தங்கை தலையைக் குனிந்தபடி, "அண்ணா என்ன சொல்றானோ அப்படியே" என்றாள். அண்ணா என்ன சொன்னான்? "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஷாக் வைக்க மாட்டோம்" என்று எழுந்து வந்துவிட்டான். கையைக் காலைக் கட்டி, வாயில் துணி அடைத்து, நோயாளி துள்ளத் துள்ளக் கரண்ட் கொடுக்கும் சினிமாக் காட்சிதான் என் கண்முன் நின்றது. பி.எஸ்ஸி. பட்டம் அப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். என் பேத்திக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாட்டிக்கு ஷாக் வைத்த குடும்பம்" என்று யாராவது பேசுவார்களோ என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

காளஹஸ்தியில் ராகு-கேது பூஜை செய்தோம். காணிப்பாக்கம் போய் வேண்டிக்கொண்டோம். அதில் தவறே இல்லை, இன்றும் செய்கிறோம். ஆனால் பிரார்த்தனையும் வைத்தியமும் கூடவே நடந்திருக்க வேண்டும். நான் ஒன்றைச் செய்து மற்றதைத் தள்ளிவிட்டேன். நாலு மாதம் போயிற்று. அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். "எனக்கு எதுக்கு அரிசி தண்டம்" என்பாள். ஒரு நாள் விடிகாலையில் படுக்கையில் அவளைக் காணோம். எங்கே தேடிக் கண்டுபிடித்தோம் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. வேங்கடாசலபதி கிருபையால் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

சென்னையிலிருந்து அவள் பெண் ஓடி வந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மாமா, நீங்க பயந்ததுக்கு அம்மா ஏன் கஷ்டப்படணும்?" எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

எதைக் "கடினமான" மனச்சோர்வு என்கிறார்கள்?

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியமே செய்துகொள்வதில்லை.

வைத்தியம் செய்துகொள்கிறவர்களின் கதை என்ன? அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது, 2006-ல் முடிவு வெளிவந்தது. முதல் மருந்திலேயே நோய் முழுக்க அடங்கியது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். இரண்டு மருந்து பலிக்காமல் மூன்றாவது, நான்காவது என்று போனவர்களில் ஒவ்வொரு படியிலும் 100-க்கு 13, 14 பேருக்குத்தான் அப்படி அடங்கியது. அதனால்தான், சரியான அளவில் போதிய காலம் இரண்டு மருந்து சாப்பிட்டும் குணமில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்று கணக்கிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் மின்சாரம் வருகிறது.

மின்சாரமும் வைத்தியமும்

இது நேற்று முளைத்ததல்ல. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், மின்சாரம் பாய்ச்சும் ஒரு வகைத் திருக்கை மீனைத் தலையில் வைத்துத் தலைவலிக்கு வைத்தியம் எழுதியிருக்கிறார். தவளைக் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்த கால்வானியை நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவருடைய மருமான் ஆல்டினி, 1801 வாக்கில் மனச்சோர்வால் வாடிய ஒரு விவசாயிக்கு மின்கலத்தை வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார்.

இன்றைய ஈ.சி.டி. 1938-ல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்களால் ஆரம்பிக்கப்பட்டது. மூளைக்குள் கட்டுப்பாடான ஒரு வலிப்பை உண்டாக்கினால் சில மனநோய்கள் தணிகின்றன என்பது அடிப்படை. அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லாமல் நேரடியாகவே கொடுத்தார்கள். எலும்பு முறிந்ததும் உண்டு. சில இடங்களில் நோயாளியை அடக்குவதற்கும் இதைப் பயன்படுத்தினார்கள். ஆகவே நம் பயம் ஆதாரமில்லாத பயம் அல்ல. ஆனால் அது பழைய காலத்தின் பயம்.

இப்போது எப்படி நடக்கிறது? வெறும் வயிற்றில் வர வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். தசைகளைத் தளர்த்த இன்னொரு ஊசி. மூக்கில் பிராணவாயு. பல்லைக் காக்க வாயில் ஒரு ரப்பர். பிறகு சில வினாடிகள் மின் துடிப்புகள். மூளையில் வலிப்பு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓடும். உடம்பு துள்ளுவதில்லை, கால் விரல் லேசாக அசைவதோடு சரி. எவ்வளவு மின்சக்தி என்று என் தொழில் புத்தி கேட்டது. இயந்திரத்தின் உச்ச அளவே சுமார் 100 ஜூல்தான். அதை வைத்து ஒரு 60 வாட் பல்பை இரண்டு வினாடி கூட எரிக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை. அவ்வளவுதான்.

பலன் உண்டா? நமக்கு 180 கிலோமீட்டரில், பலமனேர், கோலார் வழியாக நாலு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூர் நிம்ஹான்ஸிலிருந்தே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. டாக்டர் பி.என். கங்காதர் முதலானோர் 1982-ல் வெளியிட்டது. நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிஜமான ஈ.சி.டி.யும் மருந்தில்லாத வெற்று மாத்திரையும். மற்றப் பிரிவுக்கு மின்சாரம் இல்லாத போலி ஈ.சி.டி.யும் இமிப்ரமின் என்ற நிஜ மருந்தும். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட டாக்டருக்கும் தெரியாது. தராசின் இரு தட்டிலும் ஒரே மாதிரிப் படி வைத்து எடை போடுவது போல. இரு பிரிவினரும் குணமடைந்தார்கள், ஆனால் ஈ.சி.டி. பிரிவினர் விரைவாகத் தேறினார்கள். டாக்டர் கங்காதர் பிற்பாடு அந்த நிறுவனத்தின் டைரக்டராக இருந்தார். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

நம் வயதுக்காரர்களுக்குத் தாங்குமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 240 பேருக்கு ஈ.சி.டி.யும் மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் 100-க்கு 62 பேருக்கு நோய் முழுக்க அடங்கியது என்று 2016-ல் வெளியிட்டார்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டவர்கள், உயிருக்கு ஆபத்தான எண்ணம் உள்ளவர்கள் விஷயத்தில் மருந்து வேலை செய்யும் வரை வாரக் கணக்கில் காத்திருக்க முடியாது. அங்கே இதுவே முதல் சிகிச்சையாகவும் ஆகிறது.

தட்டின் மறுபக்கம்

மறு தட்டையும் பார்க்க வேண்டும். முதல் குறை ஞாபக மறதி. சிகிச்சை நடந்த வாரங்களும், அதற்கு முந்தைய சில வாரங்களும் பலருக்கு மங்கிப் போகின்றன. பெரும்பாலானவர்களுக்குப் புதிதாகக் கற்கும் சக்தி சில வாரங்களில் திரும்பிவிடும். சிலருக்குப் பழைய ஞாபகங்களில் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். இரண்டாவது, இது ஒரேயடியாக நோயை ஒழித்துவிடுவதில்லை. முடிந்த பிறகு மருந்தைத் தொடராவிட்டால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிடுகிறது. "சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு.

என் தங்கைக்கு 2019-ல் எட்டுத் தடவை கொடுத்தார்கள். சேருவதற்கு முன் டாக்டர் ஒரு கேள்விப் பட்டியல் வைத்துக்கொண்டு மார்க் போட்டார். ஹாமில்டன் என்பவர் 1960-ல் உண்டாக்கிய அளவுகோலாம். துக்கத்துக்கு ஏது படிக்கல் என்று நான் மனசுக்குள் சிரித்தேன். அவளுக்கு 28 மார்க். குறைந்தால் நல்லது. நாலாவது சிகிச்சை முடிந்த மறுநாள் காலை காபி கொண்டு போனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா அண்ணா, டிகாக்ஷன் ஒரேயடியாத் தண்ணியா இருக்கே" என்றாள். பத்து மாதத்தில் அவள் எதிலும் குறை கண்டுபிடித்ததில்லை. நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். எட்டும் முடிந்தபோது மார்க் 7. அளவுகோல் பொய் சொல்லவில்லை.

விலையும் கொடுத்தோம். அந்த வருஷம் அவள் பெண்ணுக்குச் சீமந்தம் நடந்தது. சோர்வோடு இருந்தாலும் இவள்தான் முன்னே நின்றாள். அது இவளுக்கு நினைவில்லை. போட்டோ பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். "போனாப் போறது, பேரன் பிறந்தது ஞாபகம் இருக்கே" என்கிறாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நாலு மாதம் முன்பே நான் சம்மதித்திருந்தால் அவள் நல்ல மனசோடு அந்தச் சீமந்தத்தில் நின்றிருப்பாள். அதற்குள் சிகிச்சையும் முடிந்து, அந்த நாள் அவள் நினைவிலும் இருந்திருக்கும்.

காந்த சிகிச்சை

2022-ல் அவளுக்கு மறுபடி கொஞ்சம் சோர்வு தலைகாட்டியது. இந்தத் தடவை யாரும் பதறவில்லை. சாப்பாடு இருந்தது, உயிருக்குப் பயமில்லை. ஆகவே டாக்டர் காந்த சிகிச்சையை யோசனை சொன்னார். ஆர்.டி.எம்.எஸ். என்பார்கள். பெங்களூரில் உறவினர் ஆத்தில் தங்கிச் செய்துகொண்டோம். நானும் கூடவே போனேன்.

இது நாம் படித்த ஃபாரடே விதிதான். மாறும் காந்தப் புலம் அருகில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று அவர் 1831-ல் கண்டுபிடித்தார். இங்கே கடத்தி நம் மூளை. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் இதற்கான கருவியைச் செய்து காட்டினார். 2008-ல் அமெரிக்க அரசு மனச்சோர்வுக்கு இதை அனுமதித்தது. எட்டு என்ற எண் வடிவிலான கம்பிச் சுருளை நெற்றியின் இடது மேல்பக்கம் வைக்கிறார்கள். ஸ்கேன் இயந்திரத்தில் உள்ள அளவுக்குக் காந்த சக்தி. பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 40,000 மடங்கு. ஆனால் மண்டை ஓட்டுக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் எட்டும். மயக்க மருந்து வேண்டாம், வலிப்பு உண்டாக்குவதில்லை, மறதி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும். முடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி ஆத்துக்கு வந்து சமைக்கலாம்.

பழக்க தோஷத்தால் நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாலு வினாடி மரங்கொத்தி மாதிரி டக்டக்கென்று நொடிக்குப் பத்துத் தட்டு, பிறகு இருபத்தாறு வினாடி சும்மா. இப்படி முப்பத்தேழரை நிமிஷத்தில் 3,000 தட்டு. அதுதான் வழக்கமான கணக்கு. வாரத்தில் ஐந்து நாள், நாலிலிருந்து ஆறு வாரம். இதையே மூன்று நிமிஷத்தில் 600 தட்டாகச் சுருக்கிக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று கனடாவில் 414 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2018-ல் சொன்னது. தலைவலி, தட்டும் இடத்தில் எரிச்சல் ஆகியவை சிலருக்கு வரும். மிக அபூர்வமாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி உள்ளவர்களுக்கு இது கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தங்கைக்கு இருபது நாளில் முக்கால்வாசி தேறியது. மிச்சத்துக்கு மருந்தும், காலை நடையும், பேரனும். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. கடுமையான நோயில் ஈ.சி.டி.க்கு உள்ள சக்தி இதற்கு இல்லை. அதனால் இரண்டையும் ஒன்றுக்கொன்று போட்டியாகப் பார்க்கக் கூடாது. எந்த நிலைக்கு எது என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும்.

மூளைக்குள் கம்பி

இன்னும் ஒரு படி மேலே, மூளைக்குள்ளேயே மெல்லிய மின்கம்பியைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை. டி.பி.எஸ். என்பார்கள். நடுக்குவாதத்துக்கு இது நன்றாக நிலைபெற்ற வைத்தியம். மனச்சோர்வுக்கு, கனடாவின் டொரண்டோவில் ஹெலன் மேபெர்க், ஆண்ட்ரெஸ் லோசானோ முதலானோர் ஆறு பேருக்குச் செய்து, நாலு பேர் தேறினார்கள் என்று 2005-ல் வெளியிட்டார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் 90 பேரை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையில், கருவியை இயக்கிய பிரிவுக்கும் இயக்காத பிரிவுக்கும் போதிய வித்தியாசம் தெரியாததால் அது நடுவிலேயே நிறுத்தப்பட்டது. 2017-ல் அந்த முடிவும் வெளிவந்தது.

நம் நாட்டிலும் 2023-ல் மும்பை ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரேஷ் தோஷி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு, வேறு எந்த வைத்தியமும் பலிக்காத நீண்டகால மனச்சோர்வுக்கு இதைச் செய்தார். மாநில மனநல வாரியத்தின் அனுமதி பெற்ற பிறகே செய்ய முடிந்தது. சட்டம் அப்படி. இது எல்லா வழியும் அடைபட்டவர்களுக்கான கடைசி வழி. இப்போதைக்கு ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. பத்திரிகையில் படித்துவிட்டு உடனே ஓட வேண்டியதில்லை.

இதோடு ஒரு எச்சரிக்கை. தலையில் மாட்டிக்கொள்ளும் மின்கருவிகள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நீங்களாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். முத்திரை இல்லாத தராசை நம்பாதீர்கள் என்று முப்பத்து மூன்று வருஷம் சொன்னவன் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நம் அங்கத்தினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுப்பதைத் தடை செய்கிறது. நான் பயந்த சினிமாக் காட்சி இன்று சட்ட விரோதம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கொடுக்க முடியாது. அவசர சிகிச்சை என்ற பெயரிலும் இதைக் கொடுக்க 94-ஆம் பிரிவு இடம் தரவில்லை. முக்கியமாக, விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டியது நோயாளியிடம். அண்ணாவிடம் அல்ல. தங்கை "அண்ணா சொல்றபடி" என்றபோது, "இது உன் உடம்பு, உன் முடிவு, நான் கூட இருக்கேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். 21-ஆம் பிரிவின்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பாலிசியை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? நம் பக்கத்தில் திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூயா ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் வேலூர். அங்கே பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்து வைத்தியம் செய்வதற்குப் பேர் போனது. மற்ற ஊர் அங்கத்தினர்கள் தங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரைப் பற்றிய விபரீதமான பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், "சும்மா சொல்கிறார்" என்று விடாமல் அன்றைக்கே போன் செய்யுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை கொடுத்த மருந்துகள் போதிய அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டனவா? இந்தச் சிகிச்சையால் என்ன எதிர்பார்க்கலாம்? ஞாபகம் எவ்வளவு பாதிக்கும்? எத்தனை தடவை, என்ன செலவு? முடிந்த பிறகு என்ன மருந்து? சிகிச்சையே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நாலு மாதம் வீணாகியிருக்காது.

கடைசியாக

நம் சமூகத்தில் சர்க்கரை வியாதியைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறோம். பைபாஸ் செய்துகொண்டவர் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுகிறார். மனசுக்கு வந்தால் மட்டும் வாசல் கதவைச் சாத்திவிடுகிறோம். என் பேத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பையனின் அப்பாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் இருந்தது. நாங்க டாக்டரிடம் காட்டவே இல்லை" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நல்ல நிலையில் இருக்கும்போதே, பிற்காலத்தில் தனக்கு மனநோய் வந்தால் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கும் உரிமை அது. போன வருஷம் என் தங்கை அதை எழுதினாள். தேவைப்பட்டால் ஈ.சி.டி. தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். தன் பிரதிநிதியாகத் தன் பெண்ணின் பெயரைப் போட்டிருக்கிறாள். என்னிடம் காட்டி, "வருத்தமில்லையே அண்ணா?" என்று கேட்டாள்.

வருத்தமில்லை. சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாள்.

உங்கள் ஆத்தில், அடுத்த ஆத்தில், யாராவது மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு நல்ல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர் கரண்ட் என்ற வார்த்தையைச் சொன்னால், என்னைப் போல எழுந்து வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

 எல்லோரும் க்ஷேமமாக இருக்க ஏழுமலையானைப் பிரார்த்தித்து முடிக்கிறேன். நமஸ்காரம்.